டிக்கியில் ஓர் ஆள்

‘புஸ்ஸ்ஸ்...’

அடுப்பங்கரைச் சுவருக்கு அந்தப் பக்கம், கார்க் கொட்டகையிலிருந்து கிளம்பிய அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே கண்ணாத்தாளின் கையிலிருந்த கரண்டி நழுவிக் குழம்புக்குள் விழுந்தது. கெண்டைமீன் குழம்பு தெறித்துப் புடவையில் பட்டது. சுட்டது கூட அவளுக்கு உறைக்கவில்லை. உடம்பு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

“டேய் மாறா! எத்தன தடவடா சொல்றது? அந்தச் சத்தம் என் காதுல விழக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?”

“காத்துதாம்மா! ஒழுகுதான்னு பம்ப் வச்சுப் பாத்தேன். ஆவி இல்ல, பயப்படாத!” சுவருக்கு அப்பாலிருந்து மகன் தமிழ்மாறனின் குரல் வந்தது.

“பயமா? எனக்கா?”

அடுப்பை அணைக்கக்கூட அவள் நிற்கவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பக்கக் கதவைத் தள்ளிக் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

நடுவில் அது நின்றது. கறுப்பு நிறம். கடா எருமை தலையைத் தாழ்த்தி நிற்பதுபோல அகலமான முகப்பு. மேலத்தெரு மிராசுதார் வீட்டு அமெரிக்கக் கார். அந்தக் காலத்தில் ஊர் அதைக் ‘கப்பல்’ என்றுதான் கூப்பிட்டது. இப்போது பானெட் திறந்து கிடந்தது. கோயம்புத்தூரில் அளவு கொடுத்துச் செய்து வாங்கிய புது ரேடியேட்டர் உள்ளே பளபளத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தமிழ்மாறன் அதன் வாயிலிருந்து கைப்பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். மேலும் கீழுமாக இரண்டு புது ஹோஸ்கள். சோப்புத் தண்ணீர் தடவி நுழைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தான்.

“பாரும்மா, பம்ப் மீட்டர்ல முள்ளு அசையவே இல்ல. ஒரு சொட்டு ஒழுகாது இனிமே.”

“ஒழுகட்டும், வெடிக்கட்டும், எனக்கென்ன? இந்தச் சனியன் எப்ப என் வாசலத் தாண்டும்? அதச் சொல்லு.”

“இன்னிக்குச் செந்தில்குமார் சார் வந்து பாக்குறாரு. நாளைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு. போதுமா?”

சார்ஜாவில் பழைய கார்களுக்கு உயிர் கொடுக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவன் தமிழ்மாறன். ஊர் திரும்பி, வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு, அதே தொழிலைத் தொடங்கினான். கும்பகோணம், பட்டுக்கோட்டை என்று எங்கிருந்தெல்லாமோ பணக்காரர்கள் துருப்பிடித்த வண்டிகளை அனுப்பிவைத்தார்கள். அந்த வரிசையில்தான் ஒருநாள் லாரியில் ஏறி இந்தக் கப்பலும் வந்து இறங்கியது. களையெடுப்பை முடித்து வீடு திரும்பிய கண்ணாத்தாள் அதைப் பார்த்ததும், தலைமேலிருந்த புல்லுக்கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டு, அன்று முழுக்கச் சோறு தின்னாமல் படுத்துக்கிடந்தாள்.

“தொழில்மா. வண்டி என்னம்மா பண்ணுச்சு, பாவம்?” என்று மகன் கெஞ்சினான்.

“வண்டி என்ன பண்ணுச்சுன்னு உங்கப்பன் மூஞ்சியப் போயிக் கேளு” என்றாள் அவள்.

கண்ணாத்தாளின் கோபம் ஊரறிந்தது. நடவுக் கூலியாக வயலில் இறங்கியவள், கோபத்தாலேயே முன்னுக்கு வந்தவள் என்று சொன்னாலும் தப்பில்லை. ஆண்களுக்கு ஒரு கூலி, பெண்களுக்கு ஒரு கூலி என்று சொன்ன பண்ணையில் நாற்றுமுடியைச் சேற்றில் வீசியடித்து, நடவுக்காரிகள் அத்தனை பேரையும் கரையேற்றியவள் அவள்தான். பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்தாள். பிறகு சொந்தமாகவே வாங்கினாள். கொள்முதல் நிலையத்தில் ஈரம் ஈரம் என்று அவள் நெல்லைத் தள்ளி வைத்தபோது, மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, “என்னையும் சேத்துக் காய வையுங்க” என்று கத்தினாளாம். அன்று பொழுது சாய்வதற்குள் நெல் உள்ளே போய்விட்டது.

அப்படிப்பட்டவளின் கோபம் பலிக்காத இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அவள் கட்டிய புருஷன்.

கொட்டகை மூலையில் ‘கரகர’வென்று ஏதோ தேய்க்கிற சத்தம் கேட்டது. திரும்பினாள். வைரக்கண்ணு ஒரு பழைய மண்ணெண்ணெய் டின்னை மடியில் வைத்துக்கொண்டு, புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இடது கன்னமும் கழுத்தும் உருகி இறுகிய மெழுகு போலச் சுருங்கியிருந்தன. அந்தப் பக்கத்துக் கண் பாதிதான் திறக்கும்.

“என்னய்யா அது?”

“டின்னு” என்றார், தலை நிமிராமல்.

“எனக்குக் கண்ணு தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்.”

“சும்மாதான் புள்ள. துரு ஏறிக் கெடந்துச்சு.”

தமிழ்மாறன் சட்டென்று முகத்தை பானெட்டுக்குள் நுழைத்துக்கொண்டான். அது போதும் அவளுக்கு.

“மாறா, வெளிய வா. என்னத்த மறைக்கிறீங்க அப்பனும் மவனும்?”

அவன் பழந்துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். “செந்தில் சார் அப்பாவுக்கு எண்பதாங் கல்யாணம்மா. திருக்கடையூர்ல. இந்த வண்டியிலதான் ஊர்வலமாப் போவணும்னு அவருக்கு ஆசையாம். வீடியோ எல்லாம் எடுக்குறாங்க. அதான்... அப்பாவையும்...”

“அப்பாவையும்?”

“பழையபடி டிக்கியில ஒக்காந்து வரச் சொல்றாங்க. தண்ணி டின்னோட. நேத்து போன்ல கேட்டாரு. அப்பா சரின்னுட்டாரு.”

கண்ணாத்தாளுக்குக் காதுக்குள் ஏதோ அறுந்ததுபோல இருந்தது. சரின்னுட்டாரு! எத்தனை வருஷமாக அந்த ஒரு சொல்லோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்!

அந்தக் கார் ஓடிய நாளில் அதன் ரேடியேட்டர் ஒரு சல்லடை. அறுவடைக் காலத்தில் கதிரைக் கொண்டுவந்து சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் மிதித்து நெல்லை உதிர்த்துக் கொடுக்கும். கப்பல் அதன்மேல் போகும்போதெல்லாம் பதரும் தூசியும் பறந்து ரேடியேட்டரின் கண்களை அடைத்துக்கொள்ளும். கடலோரத்துப் பண்ணைக்குப் போய் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளேயும் அரித்துப்போயிற்று. புதியது வேண்டுமானால் சீமையிலிருந்து வரவேண்டும். பெரிய மிராசுதார் யோசித்துப் பார்த்தார். ரேடியேட்டர் வாங்குவதைவிட ஓர் ஆளைப் போடுவது மலிவு என்று பட்டது. பண்ணையாள் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டு டின்னைக் கையில் கொடுத்தார்.

காருக்குள்ளே அவர் உட்காரக் கூடாது. ஆகவே டிக்கி. மூடியைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, தண்ணீர் டின்னை மடியில் அணைத்துக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு, பின்பக்கம் பார்த்தபடி வருவார் வைரக்கண்ணு. சக்கரம் கிளப்புகிற புழுதி அத்தனையும் அவர்மேல்தான். கார் கொதித்து நின்றால் குதித்தோடி வாய்க்காலில் மொண்டு வரவேண்டும். கல்யாணமான புதிதில் கண்ணாத்தாள் நடவு வயலில் குனிந்திருக்கும்போது கப்பல் கடந்து போகும். “ஒம் மாப்புள ஊர்கோலம் போறாரு பாருடி!” என்று பெண்கள் கேலி பண்ணுவார்கள். அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அன்றைக்கு அவள் சின்னப்பெண்.

அப்புறம் அந்தச் சித்திரை மாதத்து வெயில். அன்று காரை ஓட்டியவர் மிராசுதாரின் மகன், சின்ன ஐயா. தஞ்சாவூர்க் கோர்ட்டுக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். வெண்ணாற்றுப் பாலத்தருகே கார் கொதித்து நின்றது. பாலத்துக்குக் கீழே உளுந்து பறித்துக்கொண்டிருந்த கண்ணாத்தாளின் காதில் முதலில் விழுந்தது அந்தப் ‘புஸ்ஸ்’. அடுத்து விழுந்தது அவள் புருஷனின் அலறல். அவள் மேடேறி ஓடிவருவதற்குள் கார் போய்விட்டிருந்தது.

சூடு ஆறுமுன்னே மூடியைத் திறக்கச் சொன்னது சின்ன ஐயாதான் என்பதை, மாடு மேய்த்துக்கொண்டிருந்த கண்ணுசாமி பார்த்திருந்தான். அதுவும் அவள் காதோடு காதாகத்தான் சொன்னான். ஊர் கேட்டபோது வைரக்கண்ணு சொன்னது வேறு: “என் கைத்தப்பு.” அவள் கேட்டபோதும் அதே. வாழை இலையில் கிடந்து முனகிக்கொண்டே, “என் கைத்தப்புதான் புள்ள.” பண்ணையிலிருந்து ஒரு மூட்டை நெல் வந்தது. கூடவே, எப்போது வேலைக்கு வருவான் என்று கேட்க ஓர் ஆளும் வந்தான். தோல் காய்ந்ததும் அவர் எழுந்து போய் அதே டிக்கியில் ஏறி உட்கார்ந்தார்.

வெந்ததைக்கூட அவள் மறந்திருப்பாள். ஏறி உட்கார்ந்ததை மறக்கவில்லை.

“குடுய்யா அத!” டின்னைப் பிடுங்கிச் சுவரில் விட்டெறிந்தாள். அது உருண்டு போய்க் கப்பலின் சக்கரத்தில் மோதியது.

“ஏன் புள்ள இப்புடி ஆடுற? எண்பது வயசுப் பெரிய மனுசன் ஆசப்பட்டுக் கூப்புடுறாரு. மாட்டேன்னு எப்புடிச் சொல்றது?”

“வாயாலதான் சொல்லணும்! வேற எதாலயாவது சொல்ல முடியுமா?”

“ஒரு நாளுதான...”

“ஒரு நாளா? நீ அந்த டிக்கிய விட்டு எறங்குனது எப்பய்யா? இந்த வூட்ல நான் மெத்த வச்சுக் கட்டிலு போட்டுருக்கேன். நீ படுத்துருக்குறது என்னமோ இன்னும் அந்த டிக்கியிலதான்!”

வைரக்கண்ணு எழுந்து போய் டின்னை எடுத்து, நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அந்த அமைதிதான் அவளைக் கொன்றது. அடித்தால் திருப்பி அடிக்கிற ஆளோடு குடும்பம் நடத்திவிடலாம். அழுத்தினால் அமுங்கிப்போகிற மனிதனை என்ன செய்வது?

தமிழ்மாறன் ரேடியேட்டரில் தண்ணீரும் பச்சைத் திரவமும் கலந்து ஊற்றி, மூடியைப் போடாமலே எஞ்சினை ஓடவிட்டான். உள்ளேயிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேற, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டான்.

வைரக்கண்ணு பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணில் அத்தனை ஆசை. “இனிமே கொதிக்காதா மாறா?”

“கொதிக்காதுப்பா.”

“அப்ப ஊத்துறதுக்கு ஆளே வேணாமா?”

“வேணாம்பா. அதுக்குத்தான புதுசு.”

“அப்பவே இத மாட்டிருக்கலாம்” என்றார் அவர், யாரையும் குறை சொல்லாத குரலில்.

கண்ணாத்தாளால் அங்கே நிற்க முடியவில்லை. அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய ரேடியேட்டர். பித்தளைத் தலை. பச்சைக் களிம்பு ஏறிய வாய். அதே வாய்! தெருவில் ஜெய்னுலாபுதீனின் மூன்று சக்கர வண்டி, பழைய இரும்பு, பித்தளை என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனது. எஞ்சின் சத்தத்தில் அப்பனுக்கும் மகனுக்கும் எதுவும் கேட்காது. இரண்டு கையாலும் அந்தச் சனியனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளையைச் சுமப்பதுபோலத் தெருவுக்கு நடந்தாள்.

“பாய், இத உருக்கிடுவீங்கள்ல?”

“உருக்காம? வீட்ல வச்சு விளக்கா ஏத்தப்போறேன்?” என்று சிரித்தார் ஜெய்னுலாபுதீன். தூக்கிப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். “நல்ல பித்தளையா இருக்கே தங்கச்சி. சும்மாவா போடுற? இந்தா, இந்தக் குடத்தையாவது வச்சுக்க.”

பச்சை பிளாஸ்டிக் குடம் ஒன்றை இறக்கிக் கொடுத்தார். கண்ணாத்தாள் அதைக் கொண்டுவந்து கொட்டகைப் பக்கக் கதவோரம் ‘தொப்’பென்று வைத்தாள். பல நாள் கழித்து அன்றுதான் மூச்சு சீராக வந்தது.

குழம்பு அடிப்பிடித்திருந்தது.

செந்தில்குமார் நடுப்பகலில் வந்தார். சின்ன ஐயாவின் மகன். சிங்கப்பூரில் பெரிய உத்தியோகம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கை நிறைய இனிப்பும் பழமுமாகக் கூடத்துக்குள் வந்தவர், “நல்லா இருக்கீங்களாம்மா?” என்று கும்பிட்டார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுவே கண்ணாத்தாளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தமிழ்மாறன் அவரைக் கொட்டகைக்குள் அழைத்துப் போய், ஓட்டிக் காட்ட மறுபடி எஞ்சினைக் கிளப்பினான். அவரைக் கண்டதும் வைரக்கண்ணு துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் தோளில் கிடந்த துண்டு தானாக இறங்கிக் கக்கத்துக்குள் போனது. கதவில் சாய்ந்து நின்ற கண்ணாத்தாள் அதைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“வைரக்கண்ணு, எப்படி இருக்கீங்க? அப்பா உங்களைப் பத்தியேதான் பேசிக்கிட்டு இருக்காரு. ‘டிக்கியில வைரக்கண்ணு இல்லன்னா அது நம்ம காரே இல்லடா’ங்கிறாரு.”

“ஐயா நல்லா இருக்காங்களா தம்பி?”

“உங்களப் பாத்தா நல்லாயிடுவாரு.” செந்தில்குமார் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஒரு நாலுமுழ வேட்டி. ஒரு சிவப்புத் துண்டு. “வீடியோ எடுக்கிற பசங்க குடுத்தாங்க. சட்டை வேண்டாம். இந்தத் துண்ட இடுப்புல கட்டிக்கிட்டீங்கன்னா அந்தக் காலம் மாதிரியே இருக்குமாம்.”

தமிழ்மாறனின் தாடை இறுகியது. வைரக்கண்ணு இரண்டு கையையும் நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டார்.

கார்ப் பக்கம் திரும்பிய செந்தில்குமார், “அடேயப்பா, புதுசா?” என்று பானெட்டுக்குள் குனிந்தார். “தமிழ், ஒண்ணு பண்ணுங்க. ஊர்வலத்தன்னிக்கு மட்டும் பழசையே மாட்டிக் குடுத்துடுங்க. அந்தப் பித்தளைத் தலையப் பாத்தாதான் அப்பாவுக்குத் திருப்தி.”

“அது சல்லட சார். திருக்கடையூர் வரைக்கும் தாங்காது. கொதிச்சு நடுரோட்டுல நிக்கும்.”

“நிக்கட்டுமே! ஊத்தத்தான் நம்ம வைரக்கண்ணு பின்னால வர்றாரே!”

சொல்லிவிட்டு மனம்விட்டுச் சிரித்தார் அவர். வைரக்கண்ணுவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு! புருஷன் சிரித்ததைக் கண்ணாத்தாளால் தாங்க முடியவில்லை. வந்தவர் சிரிக்கலாம், அவருக்கு வேகவில்லை. இவருக்கு என்ன சிரிப்பு?

“பழசு இல்ல” என்றாள்.

“இல்லியா? எங்க?”

“பாய்கிட்டப் போட்டுட்டேன். இந்நேரம் தஞ்சாவூரு போயிருக்கும்.”

“அம்மா!” என்று அலறினான் தமிழ்மாறன். சுவரோரத்துக்கு ஓடினான். வெறுஞ்சுவர்.

செந்தில்குமாரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. “என்னங்க இது? எங்க தாத்தா காலத்துப் பொருள். ஒரு வார்த்த கேக்காம எப்படித் தூக்கிப் போடுவீங்க? அது எங்க குடும்பச் சொத்து.”

“ஒங்க குடும்பச் சொத்து அதோ இருக்கு.” கதவோரக் குடத்தைக் காட்டினாள். “பச்சக் கலரு. கீறல்கூட இல்ல. எடுத்துக்கிட்டுப் போங்க, ஐயாவுக்குத் திருப்தியா இருக்கும்.”

“அம்மா, நான் மரியாதையாப் பேசிக்கிட்டு இருக்கேன்.”

“நானும் மரியாதையாத்தான் தம்பி கேக்குறேன். இவரு மூஞ்சியப் பாத்தீங்களா? சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்குறீங்களே, இது எப்புடி வெந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

“கேக்காம என்ன? அப்பாவே சொல்லியிருக்காரே. அவசரப்பட்டு இவரே மூடியத் திறந்துட்டாரு. அப்பா வேணாம் வேணாம்னு கத்தியிருக்காரு. அப்புறம் அப்பாதான் இவரக் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாராம். இன்னிக்கும் அதச் சொன்னா அப்பாவுக்குக் கண்ணு கலங்கும்.”

கண்ணாத்தாள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. மூட்டை மேல் ஏறிக் கத்தியவளுக்கு, பண்ணையில் நாற்றை வீசியெறிந்தவளுக்கு, வார்த்தை வரவில்லை! ஆஸ்பத்திரியா? தெருவிலிருந்த வாழை மரங்களையெல்லாம் மொட்டையடித்து இலை கொண்டுவந்து பரப்பினாளே, அதுவா ஆஸ்பத்திரி? வலி தெரியாமலிருக்க விடிய விடிய முந்தானையால் விசிறினாளே, அவளா டாக்டர்? கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் முன்னால் அழுதால் கேவலம் என்று விழியை அகல விரித்து வைத்துக்கொண்டாள்.

“பொய்யி” என்றாள் கடைசியில். “அத்தனையும் பொய்யி.”

“நீங்க கோவத்துல பேசுறீங்க. அவரே இருக்காரே, அவரையே கேட்ருவோம்.” செந்தில்குமார் திரும்பினார். “வைரக்கண்ணு, நீங்களே சொல்லுங்க. நீங்களாத்தான திறந்தீங்க?”

கண்ணாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தரம் அதைக் காதால் கேட்டால் இந்த வீட்டில் இனி அவள் இருக்கப்போவதில்லை. வயலில் போய் மோட்டார்க் கொட்டகையில் படுத்துக்கொள்ளலாம். சத்தியம்.

தமிழ்மாறன் எட்டிச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

“கொஞ்சம் ஆறட்டுங்கய்யான்னு சொன்னேன்” என்றார் வைரக்கண்ணு.

கண்ணாத்தாள் திரும்பிப் பார்த்தாள்.

“கோர்ட்டுக்கு நேரமாவுது, திறடான்னாங்க. திறந்தேன்.”

“அப்பா அப்படியா...” என்று இழுத்தார் செந்தில்குமார்.

“அவுங்கதான் தம்பி. வேற யாரும் இல்ல அங்க. ஆஸ்பத்திரிக்கு யாரும் என்னத் தூக்கல. கார்ல ஏத்துனா சீட்டு பாழாயிடும்னாங்க. அதுவும் போவட்டும்...” கிழவரின் குரல் நடுங்கியது. அது அழுகை நடுக்கம் இல்லை. கண்ணாத்தாள் அவரோடு வாழ்ந்த இத்தனை காலத்தில் ஒருமுறைகூடக் கேட்டிராத நடுக்கம். “கண்ணு ரெண்டும் தெரியல எனக்கு. மூஞ்சி எரியுது. ‘தண்ணிய ஊத்திட்டுப் போயி ஒக்காருடா’ன்னாங்க. தடவித் தடவி வாயக் கண்டுபுடிச்சு ஊத்துனேன். மூடியும் போட்டேன். அதுக்கப்புறந்தான் விழுந்தேன். அவுங்க போயிட்டாங்க. இவதான் பாலத்துலேர்ந்து என்னத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தா.”

கண்ணாத்தாளின் கை தானாகக் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. வெந்த முகத்தோடு தண்ணீர் ஊற்றினாரா? அதை அவளிடம் கூடச் சொன்னதில்லையே! கண்ணுசாமிகூடச் சொல்லவில்லையே! பாவி மனுஷா, எத்தனை காலம் இதை உள்ளேயே வைத்துக்கொண்டு புளி போட்டு டின் தேய்த்தாய்!

“ஒன் கைத்தப்புன்னு சொன்னியேய்யா” என்றாள். “எங்கிட்ட எதுக்குய்யா சொன்ன?”

“நெசத்தச் சொன்னா நீ அருவாளத் தூக்கிட்டு மேலத்தெருவுக்குப் போயிருப்ப. போயிருப்பியா, இல்லியா?”

போயிருப்பாள்.

செந்தில்குமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு இது தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா... அந்தக் காலம் அப்படி. எல்லா வீட்லயும் அப்படித்தான் இருந்திருக்கு. அப்பாவுக்கு எண்பது வயசாச்சு. மறதி வேற. மனசுல வச்சுக்காம, ஒரு நாள் மட்டும் நீங்க வந்துட்டுப் போயிடுங்க, வைரக்கண்ணு. அவர் சந்தோஷத்துக்காக.”

வைரக்கண்ணு கையிலிருந்த சிவப்புத் துண்டை மெல்ல மடித்தார். அவரிடம் நீட்டினார்.

“நான் வரலீங்க.”

“அப்பா கேட்டா நான் என்ன சொல்றது?”

“வைரக்கண்ணு வரமாட்டேன்னுட்டான்னு சொல்லுங்க. ஏன்னு கேக்க மாட்டாங்க. கேட்டாங்கன்னா, ‘திறடா’ன்னது யாருன்னு நீங்க கேளுங்க.”

செந்தில்குமாரின் முகம் சிவந்தது. வெட்கமா, கோபமா என்று தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும். துண்டை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு தமிழ்மாறன் பக்கம் திரும்பினார். “வேலையக் குடுத்த எடத்துல இப்படி ஒரு அவமானம் நடக்கும்னு நான் நெனைக்கல, தமிழ். நாளைக்கே ஆள் அனுப்புறேன். வண்டிய எடுத்துக்கிறேன். இனிமே நம்ம பக்கத்து வண்டி எதுவும் இங்க வராது.”

தமிழ்மாறன் பானெட்டை இறக்கி மூடினான். ‘டொம்’மென்று சத்தம் எழுந்தது.

“எடுத்துக்குங்க சார். திருக்கடையூருக்கும் போவும், காசிக்கும் போவும், ஒரு எடத்துல நிக்காது. டிக்கியப் பூட்டிச் சாவியத் தனியாத் தர்றேன்.”

செந்தில்குமார் கொட்டகையிலிருந்து கூடத்துக்கு நடந்தார். கண்ணாத்தாள் அவர் கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் அள்ளி எடுத்துப் பின்னாலேயே போனாள். “இதையும் எடுத்துக்கிட்டுப் போங்க. எங்க வூட்ல எல்லாருக்கும் சக்கர” என்று பொய் சொன்னாள். அவர் வாங்கிக்கொண்டார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது பழம் ஒன்று உருண்டு படியில் விழுந்தது. எடுக்க வேண்டுமா கூடாதா என்று ஒரு கணம் தயங்கினார். எடுக்காமலே படியிறங்கினார்.

கதவை அறைந்து சாத்தினால்தான் ஆத்திரம் அடங்கும் என்று கண்ணாத்தாளுக்குத் தோன்றியது. ஊருக்கே கேட்க வேண்டும் என்று கையை ஓங்கிக்கொண்டு போனாள்.

அவளுக்கு முன்னால் வைரக்கண்ணு வந்து நின்றிருந்தார். வந்தவர்களின் கார் கிளம்புகிறவரை காத்திருந்து கும்பிட்டு அனுப்புகிற மனிதர், அது கிளம்பும்வரை காத்திருக்கவில்லை. வெந்த கன்னத்தை மரக்கதவில் அழுத்திக்கொண்டு, முழு பலத்தையும் கொடுத்து, வாசற்கதவை அறைந்து சாத்தினார்.